செம்பருத்திக்குப் போகும் பால்

பால் கட்டி நெஞ்சு வலித்தது. தாய்ப்பால் கால்படும் இடத்தில் விழக்கூடாது என்பதால், டம்ளரில் பீய்ச்சியதைப் பிரசவ வார்டின் பின்னாலிருந்த செம்பருத்தித் தூரில் ஊற்றினாள் வடிவு. அவள் மகன் உள்ளே புட்டிப்பால் குடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்துக் கட்டில் கலையரசிக்கு இன்னும் பால் இறங்கவில்லை. வீறிடும் மகளை நீட்டியபடி வந்தாள்.

“செடிக்கு ஊத்துறதை இவளுக்கு ஒரு வாய் குடுங்கக்கா.”

“எனக்கு எச்.ஐ.வி. இருக்கும்மா. பால் வழியாவும் ஒட்டும். எம்புள்ளைக்கே குடுக்கல,” என்றாள் வடிவு, குரலைத் தாழ்த்தாமல்.

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. பிறகு கலையரசி குழந்தையை அவளிடமே கொடுத்தாள்.

“கொஞ்சம் வச்சிருங்க. நர்ஸம்மாகிட்ட பால் கேட்டுட்டு வந்துர்றேன்.”

குழந்தை ஈர ஜாக்கெட்டை முகர்ந்து வாயைத் திறந்தது. தன் மகனிடம் பழகிய கை, அந்த முகத்தை மெல்லத் தோள்பக்கம் திருப்பியது.