நாலாவது எலுமிச்சம்பழம்

பார்கவி ஸ்டார்ட் பட்டனில் விரலை வைக்கப்போன நேரத்தில், டெர்மட் கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

எழுபதைத் தாண்டிய மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கார் கதவைத் திறந்தார். என் மனைவியின் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். அவளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அவளுக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. புதுக் கார். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் பூஜைக்குக் கொண்டுபோகும் முன்னால், நல்ல நேரத்தில் வீட்டிலேயே ஒரு தடவை நகர்த்திவிட வேண்டும் என்பது மதுரையிலிருந்து மாமியார் போட்ட உத்தரவு. முதலில் வீட்டுப் பெண்தான் ஓட்ட வேண்டும் என்பதும் அவர் உத்தரவுதான்.

"அடியில என்னவோ இருக்கு! சக்கரத்துக்குக் கீழே யாரோ வெச்சிருக்காங்க!" மூச்சிரைத்தது டெர்மட்டுக்கு.

இருந்தது. எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு ஒன்றாக, குங்குமம் தடவி, நானே வைத்தது.

டெர்மட் எங்கள் ஸ்ட்ராத்ஃபீல்ட் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவர். தனியாள். எங்களைப் போலவே கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்த வட அயர்லாந்துக்காரர்.

தினமும் காலையில் பார்க்கிங்கில் முட்டி போட்டு, கார்களுக்கு அடியில் எட்டிப் பார்ப்பார். திருட்டுப் பார்வை என்றார்கள் சிலர். மறை கழன்ற கேஸ் என்றார்கள் சிலர். புகார் கொடுத்தவர்களில் பார்கவியும் ஒருத்தி. அவரைக் காலி செய்யச் சொல்வதா என்று திங்கட்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் முடிவாகும்.

நான் மட்டும் அவர் கட்சி. இரக்கத்தால் அல்ல. எனக்கு ஒரு வியாதி உண்டு, ஒரு ஆள் ஏன் அப்படிச் செய்கிறான் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது.

தேடித் தேடிப் படித்தேன். டாங்கி கிடையாது, விமானம் கிடையாது, ஆனாலும் அவர் ஊரில் சின்னச் சின்னக் குழுக்கள் ஒரு பெரிய ராணுவத்தை வருஷக்கணக்கில் திணறடித்திருக்கின்றன. வயலுக்குப் போடும் உரத்தில் வெடி. மாடி ஜன்னலிலிருந்து ஒரே ஒரு குண்டு. ராணுவம் வந்து சேர்வதற்குள் துப்பாக்கி கை மாறி எங்கேயோ போயிருக்கும். காருக்கு அடியில் காந்தத்தில் ஒட்டிவைத்த சின்ன வெடிகுண்டு டப்பா. அதற்குப் பயந்து சிப்பாய்களும் போலீஸ்காரர்களும் தினமும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்களாம்.

அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மனுஷர் பழைய சிப்பாய். பழக்கம் விடவில்லை. கூட்டத்தில் இதைச் சொல்லி அவரைக் காப்பாற்றப்போவதாகப் பார்கவியிடம் பீற்றிக்கொண்டும் இருந்தேன்.

குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது ஒருநாள் அவரிடமே கேட்டேன், அத்தனை ஆயுதங்களில் எது மோசமானது என்று. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆயுதம் பெரிய விஷயமே இல்லை, ஒரு மனிதன் தினமும் ஒரே நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பினால் அதுவே போதும் என்றார்.

என்ன ஒரு முன்ஜாக்கிரதை என்று வியந்தேன்.

இப்போது அந்த மனிதர் சுவரோரம் இன்னும் காரையே பார்த்தபடி நின்றிருந்தார். நான் குனிந்து, டிரைவர் பக்கத்து முன்சக்கரத்தடியிலிருந்த பழத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திருஷ்டி படாமல் இருக்க, எங்கள் ஊர் வழக்கம் என்றேன்.

குங்குமம் அவர் விரல்களில் ஒட்டிக்கொண்டது. அதையே பார்த்தபடி படிக்கட்டில் உட்கார்ந்தார். பார்கவி கோபத்தை மறந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தக் காலத்துல தினமும் உங்க காரை இப்படிப் பார்த்துட்டுத்தானே எடுப்பீங்க?"

"என் காரா?" என்றார். "எனக்குக் கார் இருந்ததே இல்லை."

அப்போதுதான் உறைத்தது. பார்க்கிங்கில் அவருக்கு இடமே கிடையாது. போவதும் வருவதும் பஸ்ஸில்தான். இத்தனை நாளும் அவர் குனிந்து பார்த்ததெல்லாம் எங்கள் கார்களை.

அவர் பழத்தைப் பார்த்தே பேசினார். "கார் அவனோடது. பட்டாளத்துக்காரன். எப்போ வர்றான், எப்போ போறான்னு ஒரு மாசம் பார்த்து வெச்சிருந்தோம். அன்னிக்குன்னு பார்த்து அவன் பொண்டாட்டி வந்து ஏறினா."

கூட்டத்தில் பேசுவதற்கு நான் யோசித்து வைத்திருந்த ஒரு வார்த்தைகூட இப்போது உதவாது. எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

பார்கவி காதிலும் எல்லாம் விழுந்திருந்தது. போய் மறுபடியும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நல்ல நேரம் முடியப்போகிறது. மூன்று சக்கரங்களுக்குத்தான் பழம் இருந்தது. நாலாவதை நான் திருப்பிக் கேட்கவில்லை, அவரும் தரவில்லை.

"கிளம்பு," என்றேன் அவளிடம்.

அவள் கிளம்பவில்லை. கண்ணாடியை இறக்கி, என்னைத் தாண்டி டெர்மட்டைப் பார்த்தாள்.

"ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா?"

பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் எழுந்து வந்தார். முட்டி போட்டார். தரையில் கன்னம் படுகிற மாதிரி குனிந்து, ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

அவர் நிமிர்ந்து தலையசைக்கும் வரை பார்கவி பட்டனைத் தொடவில்லை.