ராட்சசனின் குதிகால்

"எங்கம்மா கால்தான் கிடைச்சுதா உனக்கு?"

அவன் போட்ட சத்தத்தில், ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாவே திடுக்கிட்டாள். மனைவி மட்டும் நிமிரவில்லை. மாமியாரின் குதிகாலைக் கேமராவில் பிடிப்பதிலேயே குறியாக இருந்தாள்.

கம்ப்யூட்டர் கேம்களில் வரும் உருவங்களுக்குத் தோல் போர்த்துவது அவள் வேலை. டெக்ஸ்சர் என்பார்கள். காரை பெயர்ந்த சுவரோ தேய்ந்த செருப்போ, நிஜத்தைப் படமெடுத்து வெறும் உருவத்தின் மேல் ஒட்டிவிடுவாள். இப்போது கையில் இருப்பது ஒரு ராட்சசன்.

"வெடிச்ச குதிகால், நடுவில புண்ணு. இப்படி ஒண்ணு தேடினாலும் கிடைக்காதுங்க."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை. ஒரு மாதமாகப் புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தாலே, "போனா காலை எடுத்துடுவாங்க, நான் வரமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். கெஞ்சியும் பார்த்தாயிற்று, கத்தியும் பார்த்தாயிற்று. அந்தக் காலையா இவள் வேடிக்கைப் பொருளாக்குவது?

"விடுடா," என்றாள் அம்மா. "நல்லவேளை, ராட்சசனுக்கு என் மூஞ்சியைக் கேக்கலை!"

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. வெதுவெதுப்பான நீரில் கழுவினால்தான் வெளிச்சம் சரியாக விழுமாம். ஒரு க்ரீமைத் தடவினால்தான் வெடிப்பு எடுப்பாகத் தெரியுமாம்.

"துணி சுத்தியே வைங்க அத்தை. தூசி பட்டா நேத்து எடுத்த படத்தோட ஒட்டாது. வேலை முடியற வரைக்கும் வெறுங்காலோட நடக்கவே கூடாது, சொல்லிட்டேன்."

வேலை என்று வந்துவிட்டால் இவளுக்குக் கண்மண் தெரியாது என்று ஆபீஸில் எல்லோரிடமும் புலம்பித் தீர்த்தான். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவன், ஒரு சாயங்காலம் நேராக அவள் மேஜைக்கே போய்விட்டான்.

"எங்கம்மா காலை என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு காட்டு."

திரையில் ராட்சசன் நின்றான். அவள் பாதத்தைப் பெரிதாக்கினாள்.

"இது... அம்மா கால் இல்லையே?"

"தெருமுனை மரத்தோட பட்டைங்க. முதல் நாளே ஒட்டி முடிச்சுட்டேன்."

"அப்போ தினமும் எடுத்த போட்டோ?"

அவள் செல்போனை நீட்டினாள். டாக்டருக்குப் போன பதினான்கு படங்கள். எந்த மருந்து, எப்படிக் கட்டுவது என்று ஒவ்வொன்றின் கீழும் டாக்டரின் பதில். கடைசியாக வந்தது: 'புண் நன்றாக மூடிவிட்டது. இனி காலுக்கு ஆபத்தில்லை.'

பேசியதையெல்லாம் நினைத்துக் கூசிப்போனான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"உங்க வாய் சும்மா இருக்குமா? விஷயம் தெரிஞ்சா அத்தை காலை நீட்டியிருப்பாங்களா?"

அப்போது உள்ளறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, இன்னிக்குப் போட்டோவைப் பார்த்துட்டு டாக்டர் என்ன சொன்னாராம்?"