கிரகணப் பழி

"ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் பேரு வைக்கலாம். அதுவரைக்கும் பிள்ளையை யாருக்கும் காட்டாதே" என்றார், ஊரிலிருந்து சிங்கப்பூர் வந்திருந்த மாமியார் சௌந்தரம்.

மதிவதனியின் மடியில் மகள் கொட்டாவி விட்டாள். பிளந்த மேலுதடு மூக்குவரை விரிந்து சுருங்கியது.

"மூணு மாசமானதும் தைச்சிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க அத்தை. அதுக்காக ஏன் ஒளிச்சு வைக்கணும்? இன்னைக்கே பேரு வைக்கிறோம்."

"கிரகணத்தன்னைக்குக்கூட எம்ஆர்டி ரயில் ஏறி வேலைக்குப் போனியே, அதோட பலன்தான் இது. எங்க வம்சத்துலயே இப்படி ஒண்ணு கிடையாது!"

"போனேன். மறுபடியும் போவேன்."

கணவன் கதிரேசன் எழுந்து வெளியே போனான். அம்மா வாய் திறந்தால் அடர்ந்த மீசையைத் தடவியபடி நழுவுவது அவன் வழக்கம். பழனியில் மொட்டை போட்டபோதும் தலையைக் கொடுத்தானே தவிர, மீசையில் கத்தி பட விடவில்லை.

விருந்தினர் வரத் தொடங்கினார்கள். மதிவதனி குழந்தையின் முகத்தை மூடாமலே கூடத்தின் நடுவில் உட்கார்ந்தாள். துண்டோடு ஓடி வந்த மாமியார், வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

லிட்டில் இந்தியா சலூனிலிருந்து கதிரேசன் திரும்பியிருந்தான். மழித்த மேலுதட்டில், மூக்குவரை ஏறிய பழைய தையல் தழும்பு. மதிவதனியே அதை இன்றுதான் பார்க்கிறாள்.

அவன் மகளை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"எல்லாருக்கும் சொல்லும்மா. நான் வயித்துல இருந்தப்ப, நீ எந்தக் கிரகணத்துல வெளிய போன?"