வரவேற்பறைத் தண்ணீர்

பணம் கேட்கப் போன இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாத பெண்ணை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

அவளுடைய பேராசிரியர் "பிழைக்கத் தெரியாதவ" என்று சொன்னார். அதுவும் முதலீட்டாளரின் அலுவலக வாசலைத் தாண்டிய உடனேயே.

ஆய்வகத்தில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். பேனா அளவில் ஒரு கருவி செய்திருந்தாள். தண்ணீரில் நனைத்தால் போதும். குடிக்கலாம் என்றால் பச்சை விளக்கு எரியும், கிருமி இருந்தால் சிவப்பு. பல்கலைக்கழகம் அதை வைத்து ஒரு கம்பெனியே தொடங்கிக் கொடுத்தது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு பங்கு, பேராசிரியருக்கு ஒரு பங்கு, வேலை முழுவதும் ஜட்ஜம்மாவுக்கு.

இந்த மாதத்துக்குள் வெளியிலிருந்து முதலீடு வராவிட்டால் கம்பெனியை மூடிவிட்டு, பல்கலைக்கழகம் அதற்குக் கொடுத்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஏறி இறங்கிய இடத்திலெல்லாம் 'அப்புறம் சொல்கிறோம்' என்ற பதில்தான். பாக்கி இருந்தது இந்த ஓர் இடம்.

முதலீட்டாளர் பொறுமையாகக் கேட்டார். கொண்டுபோன பாட்டில்களில் கருவியை நனைத்துக் காட்டினாள். குழாய்த் தண்ணீருக்குப் பச்சை, குட்டைத் தண்ணீருக்குச் சிவப்பு. அவர் தலையாட்டினார். அவர் ஆட்டியதைப் பார்த்து அவருடைய கூட்டாளிகள் இருவரும் ஆட்டினார்கள்.

"இதெல்லாம் நீங்க கொண்டுவந்த தண்ணி. எங்க தண்ணியில காட்டுங்க பார்ப்போம்" என்றார்.

வரவேற்பறையில் சுத்திகரிப்பு மெஷின் ஒன்று நின்றது. அதுவும் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்த கம்பெனியின் சரக்குதான். தான் முதன்முதலில் பணம் போட்டது அதில்தான் என்றும், இன்றைக்குக் கடைக்குக் கடை அதுதான் விற்கிறது என்றும் பெருமையாகச் சொன்னார்.

டம்ளர் வந்தது. நனைத்தாள். சிவப்பு.

கருவியைத் துடைத்துவிட்டு வேறு டம்ளர் கேட்டாள். அதிலும் சிவப்பு.

கூட்டாளிகளில் ஒருவர் கூரையைப் பார்த்தார். மற்றவர் மெஷின் மேல் வைத்த விசுவாசத்தில் தன் டம்ளரிலிருந்து ஒரு மடக்கு குடித்துக் காட்டினார்.

பேராசிரியர் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். மேஜைக்கு மேலே, பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வந்ததில் கருவிக்கு ஏதோ ஆகியிருக்கும் என்று சிரித்தார்.

முதலீட்டாளர் அதைப் பிடித்துக்கொண்டார். "அப்ப கருவியிலதானே கோளாறு? ஆமான்னு சொல்லுங்க, சரி பண்ணிக்கலாம். மேற்கொண்டு பேசுவோம்."

ஒரு 'ஆமா' போதும். அறையும் இருக்கும், கம்பெனியும் இருக்கும். பேராசிரியர் இன்னொரு தடவை மிதித்தார்.

ஜட்ஜம்மா டம்ளரைத் தள்ளி வைத்தாள். "கருவி சரியாத்தான் சார் இருக்கு. உங்க மெஷினைத்தான் பார்க்கணும். அதுவரைக்கும் இந்தத் தண்ணியை யாரும் குடிக்க வேண்டாம்."

முதலீட்டாளர் எழுந்துவிட்டார். நம்பகமில்லாத கருவியில் தன்னை நம்பிப் பணம் கொடுத்தவர்களின் காசைப் போட முடியாது என்றார். ஊரார் உயிரோடு விளையாடுகிற சமாச்சாரம், பொறுப்பு வேண்டாமா என்றும் கேட்டார். கூட்டாளிகள் அதற்கும் தலையாட்டினார்கள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது பேராசிரியர் அடங்கிய குரலில் பொரிந்து தள்ளினார். "தீர்ப்பு சொல்லவா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. உன் வாயில வரலையே. நாளைக்கு அறைச் சாவியை நீயே போய்க் குடு."

அவள் பாட்டில்களைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அவசரத்தில் ஒன்று நழுவி உருண்டு ஓடியது. அதை எடுத்துக் கொடுத்த கை முதலீட்டாளருடையது.

தனியாக வந்திருந்தார். பேராசிரியர் முகத்தில் சட்டென்று வெளிச்சம். மனசு மாறிட்டீங்களா சார் என்று ஓடினார்.

"உள்ள சொன்னதுல மாத்தமில்ல" என்றார் முதலீட்டாளர்.

பின்னால் திரும்பி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு ஜட்ஜம்மாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டிலயும் அந்த மெஷின்தான். பாப்பாவுக்குப் பால் கரைக்கிறது அந்தத் தண்ணியிலதான். அந்தக் கருவியை இன்னைக்கு ஒரு நாள் மட்டும் குடுத்துட்டுப் போங்கம்மா."