'ஃபார்' எதற்கு?

'ஐ அப்பாலஜைஸ்' என்று எழுதிவிட்டு நிறுத்தினாள்.

அடுத்து 'டு' வர வேண்டும். ஆளைச் சொல்ல 'டு'. செய்த தப்பைச் சொல்ல 'ஃபார்'. பதினோரு வருடங்களாக ஏழாம் வகுப்புக்கு அவள் சொல்லிக்கொடுப்பதுதான்.

எதிரே பள்ளித் தாளாளர் அன்பையா உட்கார்ந்திருந்தார்.

பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கைக்குக் கீழே தகடு துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்லிவிட்டாள். இன்று மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நாளை வர வேண்டாம்.

"நாலு வரி போதும் டீச்சர். பொய்யான தகவல் சொன்னதுக்கு மன்னிக்கணும்னு போடுங்க. இங்கிலீஷ் டீச்சருக்கு நானா சொல்லித் தரணும்?"

'டு த கரஸ்பாண்டென்ட்' என்று எழுதினாள்.

'ஃபார்' என்று எழுதினாள்.

பேனா நகரவில்லை.

அந்த ஓட்டை வழியே தார்ச்சாலை ஓடுவதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். மூன்று வாரம் முன்பு, பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிக்குக் கூட்டிப் போன அன்று. ஓர் அட்டையை எடுத்து மூடினாள். அதன்மேல் தன் பையை வைத்துக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

வேலை வேண்டியிருந்தது.

போன வெள்ளிக்கிழமை அவளுடைய ஏழாம் வகுப்பு மாணவி லோகிதா ஒற்றைச் செருப்போடு வகுப்புக்குள் வந்தாள்.

"பஸ்ஸுல ஓட்டைக்குள்ள விழுந்துட்டு மிஸ்," என்று சிரித்தாள்.

மறுநாள்தான் பெற்றோர் கூட்டம்.

எழுதிய தாளை நான்காக மடித்துக் கசக்கினாள். வேறு தாள் கேட்டாள்.

"என்ன டீச்சர், தப்பா எழுதிட்டீங்களா?"

"ஆமா சார். 'டு'வுக்கு அப்புறம் ஆள் மாறிப்போச்சு."

இந்த முறை கை தயங்கவில்லை.

'டு' ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். 'டு' அவர்களைப் பெற்றவர்கள்.

'ஃபார்' மூன்று வாரம் பேசாமல் இருந்தது.

தேதி போட்டாள். ரூபாவதி என்று முழுப்பெயரில் கையெழுத்திட்டு அவர் பக்கம் நகர்த்தினாள்.

அன்பையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். இலக்கணத்தில் குறை எதுவும் இல்லை.

"இதை நான் என்னம்மா பண்றது?"

"நீங்க வச்சுக்கங்க சார்."

அவள் பேனாவை மூடவில்லை.

"வகுப்புல மொத்தம் நாப்பத்தொரு பிள்ளைங்க. அத்தனை பேப்பர் வேணும்."