கடைசிக் கட்டம்

விண்ணப்பத்தின் கடைசிக் கட்டத்தை மட்டும் சாரதாமணி நிரப்பாமல் விட்டிருந்தாள். மாணவருக்கு மாற்றுத்திறன் உண்டா, தேர்வெழுதக் கூடுதல் நேரமும் தனியறையும் தேவையா என்று அது கேட்டது. மகள் பூவிழிக்கு ஆட்டிசம் என்று சொல்லும் சான்றிதழைக் கண்டதும் மூன்று கல்லூரிகள் இடம் நிரம்பிவிட்டது என்றன. நான்காவதான இங்கே அதைக் கைப்பையிலிருந்து எடுப்பதில்லை என்று முடிவுசெய்திருந்தாள். ஆனால் அதைக் காட்டாமல் சேர்ந்தால், இருநூறு பேர் எழுதும் கூடத்தில் பூவிழி முதல் தேர்வையே தாண்டமாட்டாள்.

“ஏன் பாப்பா, பேசவே மாட்டியா?” என்றார் சேர்க்கைப் பிரிவு எழுத்தர்.

“பேசுவேன். இங்கே பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க.”

சாரதாமணி சிரிக்க முயன்றாள். “சும்மா விளையாடுறா சார்.”

“விளையாடலை. பஸ்ஸுல நாலு தடவை சொன்னியே.”

மேலே மின்விசிறி சுற்றுக்கொரு முறை டக்கென்று தட்டியது. பூவிழி காதுகளைப் பொத்திக்கொண்டாள். எழுத்தர் அவளை ஒருகணம் பார்த்தார். எதுவும் கேளாமல் எழுந்துபோய் விசிறியை நிறுத்தினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவருடைய நெற்றியில் வியர்வை அரும்பியது.

“கடைசிக் கட்டம் காலியா இருக்கேம்மா” என்று பேனாவை நீட்டினார்.

முதல் கல்லூரியிலும் இப்படித்தான் அன்பாக நாற்காலி போட்டார்கள். சான்றிதழைப் பார்த்த பிறகே இடம் நிரம்பியது. பூவிழி காதுகளிலிருந்து கைகளை மெல்ல எடுத்தாள். கைப்பையின் ஜிப்பைப் பற்றிய சாரதாமணியின் விரல்கள் பாதி வழியில் நின்றிருந்தன.