மேடான எழுத்து

பழைய ஃபைலின் பெயரைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, புதிய பெயரையும் தட்டி, கிருஷ்ணவேணி மறுபடியும் என்டரை அழுத்தினாள்.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் சற்று நேரம் ஓடி நின்றன. கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். இந்த முறையும் பாதி வாக்கியத்தில் அறுந்திருந்தது.

எதிரே மர நாற்காலியில் சவுரிராயன் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கோல் முழங்கால்களுக்கு நடுவே நின்றது.

காலையில் ஒலக்கூர் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் கை பிடித்து இறக்கிவிட, தனியாகத்தான் வந்திருந்தார். திண்டிவனத்தில் பார்வையற்றோருக்கான அந்தப் பள்ளிக்கு வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கம்ப்யூட்டரும், பிரெயில் அச்சடிக்கும் இயந்திரமும் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் ஓட்டத் தெரிந்தவள் கிருஷ்ணவேணி ஒருத்திதான்.

வந்ததும், துண்டுக்குள் சுற்றி வைத்திருந்த பிளாப்பி டிஸ்கை எடுத்து நீட்டினார்.

"எங்க பொண்ணு லூர்துமேரி எழுதுனதுங்க. விழுப்புரத்துல ஒரு கடையில கம்ப்யூட்டர்ல அடிச்சிக் குடுத்துக்கினு இருந்துது. இங்க எழுத்த மேடா அடிச்சிக் குடுக்குறாங்கன்னு பஸ்ல சொன்னாங்க."

"யாரு படிக்கறதுக்குங்க ஐயா?"

"எனக்குத்தாங்க."

உள்ளே இருந்தது ஆங்கிலத்தில் ஓர் ஆய்வேடு. மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் இலைகளைத் தாக்கும் நோய் பற்றியது. பெரியவர் மிஷன் பள்ளியில் படித்தவராக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இந்தப் பள்ளியிலேயே அவளைவிட நன்றாக ஆங்கிலம் படிக்கிறவர்கள் இருந்தார்கள்.

"பொண்ணையே உக்காந்து படிச்சிக் காட்டச் சொல்லலாமே ஐயா" என்றாள், சிரித்துக்கொண்டே.

அவர் கோலை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

எளிதாக முடிகிற வேலையாக இல்லை. தடித்த எழுத்துக்கும் அடிக்கோட்டுக்கும் லூர்துமேரி வைத்திருந்த குறிகளை, பிரெயிலுக்கு மாற்றும் நிரலுக்கு அடையாளம் தெரியவில்லை. அவை வார்த்தைகளுக்கு நடுவே குப்பையாக வந்து விழுந்தன. தடவிப் படிக்கிறவரின் விரல் ஒவ்வொன்றிலும் இடறும்.

கிருஷ்ணவேணி அவற்றைத் தேடித் தேடிப் பிடுங்கிவிட்டு, பிரெயிலில் அதற்கு என்ன குறியோ அதைப் போட்டுக்கொண்டே வந்தாள். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

நோய்க்கிருமியின் லத்தீன் பெயர் வருகிற இடத்திலெல்லாம் அடிக்கோடு இருந்தது. ஓர் இடத்தில்கூட விட்டுப்போகவில்லை.

"உங்க பொண்ணு ரொம்ப சுத்தமா அடிச்சிருக்குதுங்க ஐயா."

"ஆமாங்க. எதையும் சுத்தமாத்தான் செய்யும்."

கடைசிப் பக்கம்தான் சரியாக வரவில்லை. 'இரண்டாம் முறை மருந்து தெளித்த வயல்களில்' என்று தொடங்கிய வாக்கியம் அந்த வார்த்தைகளோடு நின்றது. மாற்றும்போது தான்தான் எதையோ விழுங்கிவிட்டோம் என்று பயந்து, அவள் மூல ஃபைலைத் திறந்து பார்த்தாள். அதிலும் அங்கேயே நின்றது. பிளாப்பியில் அந்த இடம் கெட்டுப்போயிருக்க வேண்டும். வெயிலில் பஸ்ஸில் வந்த பிளாப்பி.

இருக்கிறவரைக்கும் அடித்துக் கொடுத்துவிடலாம் என்று இயந்திரத்தை முடுக்கினாள். கெட்டித் தாளில் ஊசிகள் தடதடவென்று இறங்கின.

சவுரிராயன் முகத்தைச் சத்தம் வந்த பக்கம் திருப்பினார்.

"கல்லு கொத்துற மாதிரி இருக்குதே" என்றார்.

அந்த இரைச்சலுக்கு மேல் அவள் குரலை உயர்த்தினாள்.

"மன்னிச்சிடுங்க ஐயா, கடைசியில கொஞ்சம் அறுந்துபோச்சு. பிளாப்பி கெட்டிருக்குது. விழுப்புரத்துல வேற காப்பி இருக்கும், பொண்ண எடுத்தாரச் சொல்லுங்க. நான் ஜல்தியா முடிச்சிக் குடுத்துடறேன்."

அவர் ஏதோ சொன்னார். இரைச்சலில் கேட்கவில்லை.

"என்னாங்க ஐயா?"

இயந்திரம் கடைசித் தாளைத் தள்ளிவிட்டு நின்றது.

"கெட்டுப்போகலம்மா. அவ அடிச்சதே அவ்ளோதான்."

கிருஷ்ணவேணி அவரையே பார்த்தாள்.

"இத அடிச்சிக்கினு இருக்கறப்பத்தான் ஜுரம்னு எழுந்து வந்துது. மஞ்சக்காமாலைன்னாங்க. மறுபடி அங்க போகவேயில்ல. ஆவணியில அடக்கம் பண்ணோம்."

காலையில் தான் சிரித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்து அவளுக்குக் கூசியது. தாள்களை ஒன்றாக அடுக்கினாள். ஓரங்களைச் சரிசெய்தாள். சரியாக இருந்த ஓரங்களை மறுபடி சரிசெய்தாள். பிறகு கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள்.

அவர் முதல் பக்கத்தைத் தொடவில்லை.

"அவ கடைசியா அடிச்ச எழுத்து எங்கம்மா இருக்குது?"

"கடைசித் தாள்லங்க ஐயா. மேலேர்ந்து படிச்சிக்கினே வந்தீங்கன்னா, நீங்களே…"

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. கண்ணு இருந்தப்பவும் தெரியாது. குவாரியில வெடி வச்சிக்கினு இருந்தவன்."

அவர் கோலை நாற்காலியின் மேல் சாய்த்து வைத்தார்.

"கடையில அவ அடிச்சத பேப்பர்ல போட்டுக் குடுத்தாங்க. தடவித் தடவிப் பாத்தேன். வழவழன்னு இருக்குது. ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குதும்மா."

கிருஷ்ணவேணி அடியிலிருந்து கடைசித் தாளை உருவி மேலே வைத்தாள். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். நுனி காய்த்துக் கல்லாகியிருந்தது. இதில் எதுவும் உறைக்குமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

எழுத்துகள் முடிந்த இடத்தில், கடைசி எழுத்தின் மேல் விரலை வைத்து, மெல்ல அழுத்திப் பிடித்தாள்.

"தெரியுதுங்களா ஐயா?"

அவர் வெகுநேரம் விரலை அசைக்கவில்லை.

"தெரியுது" என்றார்.